வேலூர்ப் பக்கத்துச் சாப்பாட்டை வைத்தே சர்க்கரையைக் கட்டுப்படுத்த முடியுமா?

கேள்வி: சத்துவாச்சாரி வீடு

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 46 வயது. இராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதிய ஷிஃப்ட். கண் மங்கலாக இருக்கிறது என்று கண்ணாடி மாற்றப் போனவரை, முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பினார்கள். பார்த்தால் மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைச் சொல்கிற எச்பிஏ1சி 8.4. டாக்டர் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்று ரெண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, "சோத்தைக் குறைங்க, தினமும் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். வெளியே அவ்வளவு கூட்டம், அதற்கு மேல் எதுவும் கேட்க முடியவில்லை.

அன்றிலிருந்து இவர் ராத்திரி பூரா யூடியூப்தான். இப்போது ஒரே பிடிவாதம்: கறி, முட்டை, பால், தயிர், அரிசி எதுவும் வேண்டாம், செடி கொடியில் விளைந்ததை மட்டும்தான் சாப்பிடுவேன் என்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ள நினைக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்காக ஆன்லைனில் கினோவா, சியா விதை, பாதாம் பால், ஓட்ஸ் என்று வாங்கிக் குவிக்கிறார். ரெண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இந்தச் செலவு எங்களுக்குத் தாங்காது.

என் மாமியார் போளூர் பக்கம். "களியும் கூழும் சாப்பிட்ட எங்க வீட்ல யாருக்குடி சர்க்கரை வந்தது" என்பார். சரி, அவர் சொல்வதும் நியாயம்தானே என்று காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி களி என மாற்றினேன். கூழ் குடித்து 2 மணி நேரம் கழித்து மெஷினில் பார்த்தால் 241. இட்லி சாப்பிட்ட நாளில்கூட 220தான் இருந்தது. கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்கிறதே, இது எப்படி?

பால், முட்டை இல்லாமல் புரதத்துக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. ஆள் இளைத்துவிட்டார், சாயங்காலம் ஆனால் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். நேதாஜி மார்க்கெட்டிலும் டோல்கேட் உழவர் சந்தையிலும் கிடைக்கிற பொருளை வைத்து ஒரு வழி சொல்லுங்கள். புத்தகத்தில் போட்ட மெனு வேண்டாம், வீட்டில் இப்படிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் யாராவது சொன்னால் தைரியமாக இருக்கும்.

பதில்: காட்பாடி மாடித்தோட்டம்

சிஸ்டர், கவலையே படாதீங்க. காலையில் வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸ், ராத்திரி ஊறவைத்த வெந்தயம். என் சித்தப்பா இதைத்தான் செய்தார், மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார். கினோவா எல்லாம் தேவையே இல்லை, நம்ம தினையும் வரகும் போதும். அரிசியை முழுசாக நிறுத்திவிட்டுச் சிறுதானியத்துக்கு மாறுங்கள், தானாகச் சரியாகும்.

பதில்: அணைக்கட்டு சத்துணவு அம்மா

அம்மா, முதலில் மாத்திரை விஷயம். மேலே எழுதிய தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் மாத்திரையை விடச் சொல்வதை மட்டும் கேட்காதே. நீ எத்தனை சோறு தின்றாய் என்று பார்த்துக்கொண்டு கிளிமிபிரைடு வேலை செய்யாது, அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கும். அதைப் போட்டுக்கொண்டு திடீரென்று சோற்றை நிறுத்தினால், ஷிஃப்டில் நிற்கும்போதே 70க்குக் கீழே போய்விடலாம். கை நடுக்கம், குப்பென்று வேர்வை, கண் இருட்டல் வந்தால் உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அவர் பையில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். சாப்பாட்டை மாற்றப் போகிறோம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பது அவர் வேலை. அப்புறம் அந்தச் சோர்வு. சர்க்கரை ஏறினாலும் சோர்வு வரும், இறங்கினாலும் வரும். சாயங்காலம் அப்படி உட்காரும்போது மெஷினில் ஒரு தடவை பார்த்து எழுதி வை.

நான் அணைக்கட்டு ஒன்றியத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். 1982ல் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த திட்டம், அதற்குச் சில வருஷம் கழித்து நான் சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. ஆகவே நான் சொல்வது எல்லாம் எங்கள் அடுப்பில் கண்டது.

கூழ் ஏன் ஏற்றியது என்று கேட்டாய். கேழ்வரகும் தானியம்தானே அம்மா. 100 கிராமில் கிட்டத்தட்ட 70 கிராம் மாவுச்சத்து. அரிசியில் 78 இருக்கும். பெரிய வித்தியாசம் இல்லை, பார். கேழ்வரகின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. நார்ச்சத்து 11 கிராம், தீட்டிய அரிசியில் 3க்கும் கீழே. கால்சியம் பாலைப்போல் மூணு மடங்குக்குப் பக்கம். ஆனால் அந்தத் தானியத்தை மிஷினில் கொடுத்து மைதா மாதிரி நைசாக அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ரெண்டு சொம்பு கரைத்துக் குடித்தால் என்ன ஆகும்? மெல்ல வேண்டிய வேலையும் இல்லை, வயிற்றில் தங்கி நிற்பதும் இல்லை. நேரே ரத்தத்துக்குத்தான் போகும். தொட்டுக்கொள்ள என்ன கொடுத்தாய்? வெங்காயமும் மோர் மிளகாயுமாகத்தான் இருக்கும்.

உன் மாமியார் சொல்வது பொய்யில்லை. அவர்கள் களி சாப்பிட்டார்கள்தான். ஆனால் விடியலில் எழுந்து கழனியில் நாற்று நட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்து சாப்பிட்டார்கள். அதோடு தட்டில் களியைச் சுற்றி என்ன இருந்தது என்று அவரிடமே கேட்டுப் பார். ஒரு நாள் மொச்சைக் கொட்டைக் குழம்பு, ஒரு நாள் காராமணி, ஒரு நாள் கொள்ளுக் கடையல், வரப்பில் பறித்த கலவைக் கீரை. நாம் களியை மட்டும் திரும்பக் கொண்டுவந்தோம், அதோடு இருந்த மொச்சையைக் கொண்டுவரவில்லை. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டதில் எனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான்: எந்தத் தானியம் என்பதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள், குழம்பில் எவ்வளவு கொட்டை இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

இப்போது வீடுகளில் குழம்பு என்றால் புளித்தண்ணியில் நாலு கத்தரிக்காய் மிதக்கிறது. சோறு மலைபோல. அந்த அளவைத் தலைகீழாக மாற்று. அரிசியோ களியோ ஒரு கரண்டி, ஒன்றரை கரண்டி. மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, இதில் ஏதாவது ஒன்று ஒரு கிண்ணம் நிறைய. கீரை அல்லது காய் அதே அளவு. சாப்பிட உட்காரும்போது கீரையையும் கொட்டையையும் முதலில் பாதி தின்றுவிட்டு, அப்புறம் சோற்றில் கை வைக்கச் சொல். சத்துணவில் சுண்டல் போடுகிற நாளில் பிள்ளைகள் சுண்டலைத்தான் முதலில் தின்பார்கள். தட்டில் சோறு மீந்துவிடும். அந்தப் பிள்ளைகள் செய்ததைத்தான் நாங்கள் ரெண்டு பேரும் இப்போது செய்கிறோம்.

மொச்சைக் குழம்பு நான் வைக்கிற விதம் சொல்கிறேன். பெரியவர்கள் நாலு பேருக்குக் காய்ந்த மொச்சை கால் கிலோ. முந்தின நாள் காலையிலேயே ஊறப்போடு. ராத்திரி தண்ணீரை மாற்று. மறுநாள் காலை கொட்டை உப்பி, தோல் லேசாகச் சுருக்கம் விட்டிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கிற பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். விருந்தாளி வந்தால் அப்படிப் பிதுக்கிப் பிதுக்குப் பருப்புக் குழம்பு வைப்போம், அதன் ருசியே வேறு. ஆனால் சர்க்கரைக்காரருக்குத் தினப்படி வைக்கும்போது தோலோடு போடு, நார்ச்சத்து அதில்தான் இருக்கிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்பில்லாமல் குக்கரில் வேகவை. வாய்வு குறையும்.

வாணலியில் ரெண்டு ஸ்பூன் மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய். கடுகு, வெந்தயம் கொஞ்சம், சின்ன வெங்காயம், பூண்டு பத்துப் பல், தக்காளி. அதில் கத்தரிக்காயைப் போட்டு வதக்கு. எங்கள் ஒன்றியத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் அதை வாங்கு. 2023ல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பில் முள் இருக்கும், பார்த்துப் பிடி. சதை அதிகம், விதை குறைவு, குழம்பில் கரையாமல் நிற்கும். மிளகாய்த்தூள், தனியாத்தூள், கொஞ்சமாகப் புளி. தேங்காய் அரைத்து விடுவதற்குப் பதில் நான் வறுத்த மல்லாட்டை ஒரு கைப்பிடியைத் தோல் நீக்கி அரைத்து விடுவேன். குழம்பு கெட்டியாகும், புரதமும் சேரும். வெந்த மொச்சையை அந்தத் தண்ணீரோடு கொட்டி ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடு. கரண்டியைப் போட்டால் கொட்டை நிறைய வர வேண்டும், தண்ணீர் வரக்கூடாது.

களி கிண்டினால் மாவைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து வாங்கு. நொய் அதிகம் போடாதே. உருண்டை சின்னதாகப் பிடி. கூழ் வேண்டுமானால் ஒரு டம்ளர், பக்கத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோடு. ரெண்டு சொம்பு வேண்டாம்.

பாகற்காய், வெந்தயம் எல்லாம் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. அது மாத்திரைக்கு ஈடு ஆகாது, அவ்வளவுதான்.

பதில்: டயட்டீஷியன், வேலூர்

அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

2020ல் டயாபட்டிஸ் கேர் இதழில் வந்த பியூர் ஆய்வில் 21 நாடுகளைச் சேர்ந்த 1,32,000க்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நாளைக்கு 450 கிராமோ அதற்கு மேலோ வெள்ளைச் சோறு சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதல். தெற்காசியர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் 61 சதவீதம். அதனால் சோற்றின் அளவைக் குறைப்பது முதல் வேலை.

அதை எதனால் நிரப்புவது என்பதில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். சென்னையின் மெட்ராஸ் டயாபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு (ஐ.சி.எம்.ஆர்.) சேர்ந்து நாடு முழுக்க நடத்திய இண்டியாப் ஆய்வின் உணவுப் பகுதி 2025ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை மாவுக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறியதில் சர்க்கரை நோய் வாய்ப்புக் குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவு மாவுச்சத்தைப் பருப்பு, பயறு போன்ற தாவரப் புரதமாகவோ பால் புரதமாகவோ மாற்றினால் வாய்ப்புக் குறைவாக இருந்தது. மொச்சையைப் பற்றி அம்மா சொன்னது இதுவேதான்.

சிறுதானியத்தைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 2021ல் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தினமும் சிறுதானியம் சேர்த்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதமும் சாப்பிட்ட பின் சர்க்கரை 15 சதவீதமும் குறைந்திருந்தன. அரிசி இருந்த இடத்தில் அதே அளவு அல்லது குறைந்த அளவு சிறுதானியம் நல்லதுதான். "சிறுதானியம்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் கிடைக்காது.

காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிடுவதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2015ல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் மெட்ஃபார்மின் எடுக்கும் 11 பேரை வைத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். ஒரே சாப்பாடு, வரிசை மட்டும் மாற்றம். மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்ட நாளில் சர்க்கரை கணிசமாகக் குறைவாக ஏறியது. காசு செலவில்லாத விஷயம், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

புரதம்: நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம். உங்கள் கணவர் 68 கிலோ என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு 56 கிராம் அளவு. பருப்பு, பயறு, மொச்சை எதுவானாலும் காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் வரை புரதம். வேர்க்கடலையிலும் அதே அளவு. நாள் முழுவதுமாக 120 கிராம் பயறு வகைகள், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, தானியத்திலிருந்து வருவது எல்லாம் சேர்ந்தால் எட்டிவிடலாம். புரதத்தின் கூறுகளில், தானியத்தில் குறைகிற லைசின் பயறில் உண்டு, பயறில் குறைகிற மெத்தியோனின் தானியத்தில் உண்டு. களியும் மொச்சையும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. பாதாம் பாலில் ஒரு டம்ளருக்கு 1 கிராம் புரதம்தான் இருக்கும், அந்தக் காசுக்கு உழவர் சந்தையில் ஒரு வாரக் காராமணி வாங்கலாம்.

பி12 வைட்டமின் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். செடி கொடியில் நம்பத்தக்க அளவு பி12 கிடையாது. ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பதும் உடம்புக்கு உதவாத வகை. போதாக்குறைக்கு, மெட்ஃபார்மின் பல காலம் எடுத்தால் பி12 குறையும். பால், தயிரை விட்டே ஆக வேண்டும் என்றால் பி12 மாத்திரை கட்டாயம், எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். அடுத்த பரிசோதனையில் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதம் எரிச்சல், மரத்துப்போதல் இருந்தால் சர்க்கரை என்று மட்டும் நினைத்து விட்டுவிட வேண்டாம். என்னைக் கேட்டால் தயிரை விடத் தேவையே இல்லை. ஆனால் அது அவர் மனம்.

கீரையின் இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடவே வேண்டும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு ஒட்டாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

பதில்: சத்துவாச்சாரி வீடு

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதை மாமியாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கலவைக் கீரையில் என்னென்ன சேரும் என்று பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்: பண்ணைக் கீரை, தொய்யக் கீரை, குமிட்டிக் கீரை, முருங்கை, அரைக்கீரை. பாதி எனக்குத் தெரியாது.

ரெண்டு சந்தேகம். கம்பெனிக்கு டப்பாவில் என்ன கொடுப்பது? கேன்டீனில் சோறும் சாம்பாரும்தான். இன்னொன்று, மாமியாருக்குப் பிரஷர், போன தடவை சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியேட்டினின் 1.9 என்று வந்திருக்கிறது. ஒரே சமையலை ரெண்டு பேருக்கும் போடலாமா?

பதில்: டயட்டீஷியன், வேலூர்

மாமியாருக்கு நாங்கள் இங்கே எழுதியது எதுவும் அப்படியே பொருந்தாது. கிரியேட்டினின் 1.9 என்றால் புரதம், பொட்டாசியம், பாஸ்பரஸ் எல்லாவற்றுக்கும் அளவு பார்க்க வேண்டியிருக்கும். முருங்கைக் கீரை, பயறு, வேர்க்கடலை இவற்றில் பொட்டாசியம் அதிகம். அவரைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவர் பொட்டாசியம் அளவைப் பார்த்துவிட்டுச் சொல்லும்வரை அவருக்குக் களியும் மொச்சையும் கூட்ட வேண்டாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னால் கீரை, காயை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு உள்ளே. ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை அவருக்கு வாங்கவே வேண்டாம், அதில் இருப்பது பொட்டாசியம்.

பதில்: அணைக்கட்டு சத்துணவு அம்மா

டப்பாவுக்குச் சொல்கிறேன். சோற்றைக் கேன்டீனில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளட்டும், மற்றதை நீ கொடு. ஒரு டப்பாவில் காராமணிச் சுண்டல், இன்னொன்றில் கெட்டியாகக் கடைந்த கீரை. காராமணி எட்டு மணி நேரம் ஊறினால் போதும், சீக்கிரம் வெந்துவிடும். கீரைக்குத் துவரம்பருப்போ பாசிப்பருப்போ போட்டு, பூண்டு, பச்சை மிளகாய், தக்காளியோடு மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடை. மிக்சியில் ஒரு சுற்று விட்டாலே பசை மாதிரி ஆகிவிடும், வேண்டாம். இலை கொஞ்சம் வாயில் தட்டுப்பட வேண்டும். மதிய ஷிஃப்ட் வாரத்தில் ராத்திரி வந்து பத்து பதினொரு மணிக்குச் சோறு தின்பார் இல்லையா? அந்த வாரம் ஏழு மணி இடைவேளையிலேயே டப்பாவை முடித்துவிடட்டும். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் போதும். மோரும் வேண்டாம் என்றால் ரசம். மதியம் வேலைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் தெருவில் நடந்துவிட்டுப் போகச் சொல், சாப்பிட்ட உடனே நடக்கிற நடைக்குச் சர்க்கரை நன்றாக இறங்கும்.

பதில்: ஜவ்வாது சாமை

நான் ஜமுனாமரத்தூர் பக்கம். மேலே தினை, வரகு என்று சிறுதானியப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் ஜவ்வாது மலையில் சாமைதான் முக்கிய வெள்ளாமை. கீழே வேலூர், திருவண்ணாமலைக் கடைகளில் சாமை என்று பாக்கெட்டில் விற்பதில் பாதி அரிசியைப்போல வெள்ளைவெளேரென்று இருக்கிறது. மிஷினில் திரும்பத் திரும்பத் தீட்டி, தவிடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தவிடு போனால் நார்ச்சத்தும் தாதுச் சத்தும் அதோடு போய்விடும். மிஞ்சுவது மாவுச்சத்து. நல்ல சாமை அரிசி லேசான சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், கொஞ்சம் மங்கலாக இருக்கும். கையில் அள்ளித் தேய்த்தால் உள்ளங்கையில் மாவு மாதிரி தவிடு ஒட்டும்.

தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஒரேயடியாக அஞ்சு கிலோ வாங்காதீர்கள். அரை கிலோ, ஒரு கிலோ வாங்கி முடித்துவிட்டு அடுத்தது வாங்குங்கள். வாங்கும்போது மோந்து பாருங்கள். சமைக்கும் முன் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு ரெண்டரைப் பங்கு தண்ணீர். உதிர் உதிராக வடித்துச் சாப்பிடுங்கள், குழைத்துப் பொங்கலாக்கினால் சீக்கிரம் சர்க்கரை ஏறும்.

பதில்: பாலாற்றங்கரை விவசாயி

கீரை நிறையச் சாப்பிடச் சொல்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தக் கீரை எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை பக்கத்தில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் எவ்வளவு கலந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் வரை போய் 1996ல் தீர்ப்பே வந்தது. மண்ணில், நீரில் கலந்த உப்பையும் குரோமியத்தையும் கீரையைக் கழுவிப் போக்க முடியாது.

பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. உழவர் சந்தையில் நேரடியாக விற்கிறவர்களிடம் எந்த ஊர்க் கிணறு, எந்த ஏரிப் பாசனம் என்று கேளுங்கள். அடையாள அட்டை வைத்திருப்பார்கள், அதில் ஊர் இருக்கும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் மலையடிவாரத்துக் கீரை என்றால் நான் தைரியமாக வாங்குவேன். அதைவிட நல்லது மாடியில் நாலு தொட்டி. தண்டுக்கீரை, சிறுகீரை விதைத்து ஒரு மாதத்துக்குள் அறுத்துவிடலாம். வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசிக்கு மட்டும் மேலே நிழல்வலை கட்ட வேண்டும், காலையும் மாலையும் தண்ணீர். ஒரு முருங்கைப் போத்து நட்டுவிட்டால் அதைப் பிடித்து நிறுத்தத்தான் சிரமம்.

பதில்: சத்துவாச்சாரி வீடு

விவரம் சொல்லலாம் என்று வந்தேன். கினோவா, பாதாம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டோம். மொச்சை, காராமணி, கொள்ளு என்று மாற்றி மாற்றி வைக்கிறேன். மதியம் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பெரும்பாலும் 165, 175 என்று இருக்கிறது. பலாப்பழம் சாப்பிட்ட அன்று மட்டும் 230. வெறும் வயிற்றில் இன்னும் 140க்குப் பக்கம்தான். சாயங்காலச் சோர்வின்போது ஒரு நாள் பார்த்தால் 68. பயந்து போய், எழுதி வைத்த நோட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார், பி12 பார்க்கவும் எழுதிக் கொடுத்தார். தயிர் மட்டும் சாப்பிட இவர் ஒத்துக்கொண்டார். மாமியாருக்குத் தனியாகச் சமைக்கிறேன், பரவாயில்லை.

ஒரே ஒரு குறை. போன வாரம் கடையில் வாங்கிய மொச்சை எவ்வளவு வேகவைத்தாலும் கல்லாகவே இருக்கிறது. ஆறு விசில் விட்டேன். சமையல் சோடா போடலாமா?

பதில்: அணைக்கட்டு சத்துணவு அம்மா

நோட்டு எழுதியது ரொம்ப நல்லது. 68ஐப் பார்த்ததும் டாக்டரிடம் ஓடினாயே, அதுதான் சரி.

சோடா போடாதே. பி வைட்டமின்கள் வீணாகும், உப்புக் கணக்கும் ஏறும், கொட்டை வழவழவென்று ஆகிவிடும். உனக்குக் கொடுத்தது பழைய மொச்சை. காய்ந்து வருஷம் தாண்டிய கொட்டை எத்தனை விசிலுக்கும் மசியாது. வாங்கும்போது நிறத்தைப் பார். புதுசு வெளிர் நிறத்தில் தோல் இறுக்கமாக இருக்கும். பழசு பழுப்பேறி, ஒன்றோடொன்று தட்டினால் கூழாங்கல் சத்தம் கேட்கும். ஓட்டை விழுந்தது இருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். மாசி, பங்குனியில் புதுக் கொட்டை வரும்போது வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் வேப்பிலை போட்டுத் தகர டப்பாவில் மூடிவைத்தால் அடுத்த தை வரை தாங்கும். மார்கழியில் பச்சை மொச்சை வந்ததும் காய்ந்ததை ஓரம் கட்டிவிடு. பச்சையை ஊறவைக்கவும் வேண்டாம், அரை மணி நேரத்தில் குழம்பு.

இப்போது கையில் இருப்பதை வீணாக்காதே. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப்போடு, மூணு தடவை தண்ணீரை மாற்று. புளியும் உப்பும் வெந்த பிறகுதான். அப்படியும் மசியவில்லை என்றால் ஊறியதை நாலு மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து, முருங்கைக் கீரை நிறையப் போட்டு, தோசைக்கல்லில் அடையாகத் தட்டிக் கொடு. எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும், தீயைக் குறைத்து மூடி வை.